ஆந்தை முத்திரைப் பெட்டி

வகுப்பறைக்குள் கணினி – 9

சென்ற இதழில் சீமோர் பேப்பர்ட்டின் லோகோ நிரல்மொழி ஆமையோடு அமெரிக்காவில் நின்றோம். அங்கே எல்லாமே துண்டு துண்டாகத்தான் நடந்தது. ஓரிடத்தில் ஒரு பல்கலைக்கழகம் முனைந்தது, இன்னோரிடத்தில் ஒரு மாநிலம், வேறெங்கோ ஆர்வம் மிகுந்த ஓர் ஆசிரியர். ஒரு நாடே சேர்ந்து பள்ளிக்கூடம்தோறும் கணினி என்று இறங்கினால் என்ன ஆகும்? அதைப் பார்க்க பிரிட்டனுக்குப் போக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அங்கே இந்த வேலையை முதலில் கையிலெடுத்தது கல்வி அமைச்சகம் இல்லை. ஒரு தொலைக்காட்சி நிறுவனம்.

1978 மார்ச் மாதம் பிபிசியின் ‘ஹொரைசன்’ வரிசையில் ‘நவ் த சிப்ஸ் ஆர் டவுன்’ என்றொரு ஆவணப்படம் ஒளிபரப்பானது. விரல்நகம் அளவுள்ள ஒரு சிலிக்கான் சிப், தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் ஆட்களின் வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறது. பிரிட்டன் அதற்குத் தயாராக இல்லை. இதுதான் படத்தின் சாரம். வேலைநிறுத்தங்களாலும் விலைவாசியாலும் ஏற்கெனவே நொந்துபோயிருந்த மக்களின் வயிற்றில் அது புளியைக் கரைத்தது. நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது.

பயமுறுத்தியாயிற்று, அடுத்து என்ன செய்வது? பிபிசியின் தொடர்கல்விப் பிரிவில் இருந்த தயாரிப்பாளர் டேவிட் ஆலனும் அவருடைய சகாக்களும் வெளிநாடுகளுக்குப் போய், அங்கெல்லாம் என்ன நடக்கிறது என்று பார்த்துவந்து அறிக்கை எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘கணினி எழுத்தறிவுத் திட்டம்’. தொலைக்காட்சித் தொடர், அதற்கொரு புத்தகம், அஞ்சல்வழிப் பாடம் என்று திட்டம் விரிந்தது. விரிந்தபோதே ஒரு சிக்கலும் முளைத்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமான பேசிக் மொழி பேசியது. திரையில் காட்டும் நிரலை வீட்டில் ஒருவர் தட்டிப் பார்த்தால் அது ஓட வேண்டுமே! அதற்கு ஒரே வழி, பிபிசி தன் பெயரிலேயே ஒரு கணினியைச் செய்யச் சொல்லி விற்பது. ஒரு பொது ஒலிபரப்பு நிறுவனம் கணினி விற்பதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பிபிசி பின்வாங்கவில்லை.

முதலில் கண்ணில் பட்டது நியூபரி லேபரட்டரிஸ் செய்துகொண்டிருந்த ‘நியூபிரெய்ன்’. அது குறித்த காலத்தில் வராது என்று தெரிந்ததும் மற்ற நிறுவனங்களுக்கும் வாய்ப்பு கிடைத்தது. கிளைவ் சின்கிளேர் தன் இசட்எக்ஸ் கணினியை முன்வைத்தார். கேம்பிரிட்ஜில் 1978 கடைசியில் தொடங்கப்பட்ட ஏகார்ன் என்ற சிறு நிறுவனமும் போட்டியில் குதித்தது. அதை நடத்தியவர்கள் ஆஸ்திரியாக்காரரான ஹெர்மன் ஹவுசரும், சின்கிளேரிடம் முன்பு வேலை பார்த்த கிறிஸ் கரியும். ஏகார்னிடம் அடுத்த கணினிக்கான யோசனை இருந்தது, காகிதத்தில் வரைபடங்கள் இருந்தன. ஓடுகிற இயந்திரம் இல்லை. பிபிசி ஆட்களோ அதே வாரம் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறோம் என்றார்கள்.

ஹவுசர் செய்த தந்திரம் பிற்பாடு கேம்பிரிட்ஜ் முழுவதும் பிரபலமானது. வடிவமைப்பாளர் ஸ்டீவ் ஃபர்பரிடம், “ஒரு வாரத்தில் முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்றார் ஃபர்பர். “சோஃபி வில்சன் முடியும் என்கிறாரே!” என்றார் ஹவுசர். அப்படியானால் பார்க்கலாம் என்று ஃபர்பர் இறங்கிவந்தார். அடுத்து ஹவுசர் இன்னொரு வடிவமைப்பாளரான வில்சனிடம் போய், ஃபர்பர் முடியும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். இருவரும் மாட்டிக்கொண்டார்கள். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்திலிருந்து பானர்ஜி என்ற கைதேர்ந்தவர் வரவழைக்கப்பட்டார். பலகையில் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சுற்றி இணைப்பதில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். இரவு பகல் பாராமல் வேலை நடந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தும் இயந்திரம் உயிர்பெறவில்லை. அதைச் சோதனைக் கருவியோடு இணைத்திருந்த வடத்தை அறுத்துவிட்டுப் பாருங்களேன் என்று ஹவுசர் ஒரு யோசனை சொன்னார். அறுத்தார்கள். ஓடியது. பிபிசி குழு வந்து சேர்ந்தபோது திரையில் காட்ட ஏதோ கொஞ்சம் இருந்தது. ஒப்பந்தம் ஏகார்னுக்கு. சின்கிளேருக்கு இதில் கடைசிவரை ஆற்றாமை.

1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளியானது. நெற்றியில் புள்ளிகளால் வரைந்த ஆந்தை. அதுதான் திட்டத்தின் சின்னம். 16 கிலோபைட் நினைவகம் கொண்ட ஏ மாடல், 32 கிலோபைட் கொண்ட பி மாடல். முதலில் அறிவித்த விலை 235, 335 பவுண்டு. சீக்கிரமே அது 299, 399 என்று ஏறியது. 12,000 விற்றால் பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கடைசியில் விற்றது 15 லட்சத்துக்கு மேல். 1982 ஜனவரியில் ‘த கம்ப்யூட்டர் புரோகிராம்’ தொடர் ஒளிபரப்பானபோது, பணம் கட்டியவர்களில் பலருக்குக் கணினி இன்னும் கைக்கு வந்தபாடில்லை.

பள்ளிக்கூடங்களுக்கு அது போன வழி வேறு. 1981இல் தொழில் துறை (மறுபடியும் கல்வித் துறை இல்லை!) ஒரு திட்டம் அறிவித்தது. மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு கணினி வாங்கலாம், பாதி விலையை அரசு கொடுக்கும். பட்டியலில் இருந்தவை இரண்டே பிரிட்டிஷ் தயாரிப்புகள்: பிபிசி மைக்ரோவும் ரிசர்ச் மெஷின்ஸ் நிறுவனத்தின் கணினியும். அடுத்த ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கும் இது நீண்டது. பட்டியலில் சின்கிளேரின் ஸ்பெக்ட்ரமும் சேர்ந்தது. இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே அமைச்சராக்கப்பட்டிருந்த கென்னத் பேக்கர். உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேலை, பள்ளிகளுக்குக் கணினி என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பது மார்கரெட் தாட்சர் அரசின் கணக்கு. பயிற்சிக்கும் பாடப்பொருளுக்கும் தனியே ஒரு ‘நுண்மின்னணுக் கல்வித் திட்டம்’ நியூகாசிலிலிருந்து ரிச்சர்ட் ஃபாதர்கில் தலைமையில் நடந்தது. 1986இல் அதை மூடிவிட்டார்கள்.

பள்ளிக்கு ஒரு கணினி என்பதால் அது பெரும்பாலும் தள்ளுவண்டியில் ஏறி வகுப்பு வகுப்பாகப் போனது. கணக்கு வாத்தியாரோ அறிவியல் வாத்தியாரோதான் பொறுப்பாளர். பின்பக்கத்து சுவிட்சைத் தட்டினால் இரண்டு சுருதியில் ஒரு ‘பூ–பீப்’. கறுப்புத் திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்ற வெள்ளை எழுத்து, கீழே ‘பேசிக்’ என்று ஒரு சொல், அதற்கும் கீழே ஒரு சின்ன அம்புக்குறி. அவ்வளவுதான். படமில்லை, பட்டியல் இல்லை. கணினி சும்மா காத்துக்கொண்டு நிற்கும். 10 என்று எண் போட்டு ‘பிரிண்ட்’ என்ற கட்டளையோடு தன் பெயரைத் தட்டி, 20 என்று போட்டு ‘கோட்டு 10’ என்று தட்டி, ‘ரன்’ கொடுத்தால் திரை முழுக்கத் தன் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வயதுப் பிள்ளை தன் முதல் நிரலை இரண்டு வரியில் எழுதிவிட்டது. அதை நிறுத்துவது எப்படி என்று கேட்பதில் அடுத்த பாடம் தொடங்கும்.

அந்தக் கணினியின் மதிப்பு இதில்தான் இருந்தது. அதை இயக்குவதற்கே ஒரு மொழி தெரிய வேண்டும். அந்த மொழியை வில்சன் நன்றாகச் செய்திருந்தார். நடைமுறைகளுக்குப் பெயர் வைத்துப் பிரித்து எழுதலாம். துணிந்தவர்கள் அதே நிரலுக்குள் இயந்திர மொழிக்குப் பக்கத்தில் இருக்கும் அசெம்பிளியையும் எழுதலாம். ஜான் கோல் எழுதிய தடித்த கையேடு கணினியோடே வந்தது. அது பயனாளரை விவரம் புரியாதவராக நினைத்து எழுதப்பட்ட நூல் இல்லை. தொடக்கப் பள்ளிகளில் ‘கிரானிஸ் கார்டன்’ என்ற சூனியக்காரி விளையாட்டைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். 1984இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எட்டு விண்மீன் மண்டலங்களை அந்த 32 கிலோபைட்டுக்குள் அடக்கி ‘எலீட்’ விளையாட்டை வெளியிட்டார்கள். பிரேபனின் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே கணினியைச் சுற்றி முப்பது பேர் என்றால் முன்வரிசையில் முண்டியடித்தவர்கள் பையன்கள். மதிய நேரக் கணினி மன்றம் அவர்களுடைய கோட்டையாகிவிட்டது. வீட்டிலும் கணினி மகனின் அறைக்கே போனது. ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சியோ சில நாள். மாணவன் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் ஏராளம். கணினி வாங்க இருந்த அவசரம் ஆசிரியரைத் தயார் செய்வதில் அரசுக்கு இல்லை. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது.

1986இல் அதே கென்னத் பேக்கர் கல்வி அமைச்சரானார். 1988இன் கல்விச் சட்டத்தின் வழியாகத் தேசியப் பாடத்திட்டம் வந்தது. கணினிக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் தொழில்நுட்பப் பாடத்தின் ஒரு பகுதியாக, எல்லாப் பாடத்துக்கும் உதவும் கருவியாக. 1990களில் பள்ளிகளில் விண்டோஸ் கணினிகள் வந்திறங்கின. தள்ளுவண்டி போய் முழு ஆய்வகம் வந்தது. பாடத்தின் பெயர் ‘தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்’, சுருக்கமாக ஐசிடி. இப்போது சுவிட்சைத் தட்டினால் திரையில் படங்கள் வரிசைகட்டி நின்றன. அம்புக்குறி காணாமல் போயிருந்தது. மாணவர்கள் வேர்டில் கடிதம் தட்டினார்கள், எக்செல்லில் கூட்டல் போட்டார்கள், பவர்பாயின்ட்டில் எழுத்தைப் பறக்கவிட்டார்கள். மறு ஆண்டும் அதையே செய்தார்கள்.

யாரும் சதி செய்து நிரலெழுதுவதை விரட்டவில்லை. முதலாளிகள் அலுவலக மென்பொருள் தெரிந்த ஆட்களைக் கேட்டார்கள். நிரலெழுதத் தெரிந்தவர் ஆசிரியர் சம்பளத்துக்கு வரத் தயாராக இல்லை. வேர்டு சொல்லித்தர எந்த ஆசிரியரும் போதும். இவற்றோடு பள்ளிகளின் தரவரிசைப் பட்டியலும் சேர்ந்துகொண்டது. ஜிஎன்விகியூ என்ற தொழிற்சான்றிதழில் ஐசிடி எடுத்துத் தேறினால் அது நான்கு ஜிசிஎஸ்இ பாடங்களில் தேறியதற்குச் சமம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். (ஜிசிஎஸ்இ என்பது 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு.) ஒன்று படித்தால் நான்கு! எந்தத் தலைமை ஆசிரியர் விடுவார்? பட்டியலில் பள்ளிகள் ஏறின. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வில் கம்ப்யூட்டிங் எடுத்தவர்கள் குறைந்துகொண்டே வந்து, 2011இல் நாடு முழுவதும் ஏறக்குறைய 4,000 பேர்தான் மிஞ்சினார்கள்.

பிள்ளைகளிடம் ஏற்பட்ட மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்களில் கேம்பிரிட்ஜின் எபன் அப்டன் ஒருவர். அங்கே கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களை நேர்காணல் செய்தவர் அவர். விண்ணப்பங்கள் பாதியாகச் சரிந்தன. வந்தவர்களுக்கும் முன்புபோல நிரலெழுதிய அனுபவம் இல்லை. முந்தைய தலைமுறை பிபிசி மைக்ரோவில் கற்றுக்கொண்டு வந்தது. இவர்களுடைய வீட்டுக் கணினியோ அப்பாவின் வேலைக்கானது, கைவைத்தால் திட்டு விழும்; விளையாட்டுப் பெட்டியோ திறக்கவே முடியாதது. கெட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளை கையில் கொடுக்கக்கூடிய மலிவான கணினி ஒன்று வேண்டும் என்று அப்டனும் நண்பர்களும் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் நிறுவனர்களில் எலீட் புகழ் டேவிட் பிரேபனும் உண்டு. அவர்கள் செய்த கணினிதான் ராஸ்பெர்ரி பை. மாடல்களுக்கு ஏ, பி என்று பெயர் வைத்ததும் பிபிசி மைக்ரோவை நினைத்துத்தான். 25 டாலர், 35 டாலர் விலை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்ததும் விற்ற நிறுவனங்களின் இணையதளங்கள் நெரிசலில் படுத்துவிட்டன.

இன்னொரு பக்கம், 2008இல் சில ஆசிரியர்களும் பேராசிரியர்களும் தொழில்துறையினரும் சேர்ந்து ‘கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்’ என்ற குழுவைத் தொடங்கியிருந்தார்கள். ஹாஸ்கெல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ் அதன் முன்னணியில் நின்றார். ஐசிடி வேறு, கணினி அறிவியல் வேறு என்று அவர்கள் அமைச்சகப் படிகளில் சளைக்காமல் சொல்லிவந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2011 ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் தொலைக்காட்சித் துறையினர் நடுவே பேசும்போது, கணினியைக் கண்டுபிடித்த நாட்டில் கணினி அறிவியல் பள்ளிகளில் வழக்கமான பாடமாக இல்லாதது தன்னைத் திகைக்கவைப்பதாகச் சொன்னார். உள்ளூர் ஆசிரியர்கள் மூன்று ஆண்டு சொன்னது ஏறாத காதில், கலிபோர்னியாவிலிருந்து வந்தவர் ஒரு மாலையில் சொன்னது ஏறியது. அரசுகளின் இந்தக் குணம் எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய ஐசிடி பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அதே வாரம் பள்ளிகளில் கணினிக் கல்வி பற்றி அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கை வந்தது. தலைப்பே ‘நிறுத்துவதா, மறுபடி தொடங்குவதா?’ என்ற கேள்வி. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், முப்பது ஆண்டுக்கு முன் ஒரு வாரத்தில் பிபிசி மைக்ரோவின் மாதிரியைச் செய்து முடித்த அதே ஸ்டீவ் ஃபர்பர். இடைப்பட்ட காலத்தில் அவரும் வில்சனும் ஏகார்னில் வடிவமைத்த ஏஆர்எம் செயலி உலகத்தின் கைபேசிகளுக்குள் புகுந்திருந்தது.

2014 செப்டம்பரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ‘கம்ப்யூட்டிங்’ என்ற புதுப் பாடம் வந்தது. ஐந்து வயதிலேயே படிமுறை என்றால் என்ன, சின்ன நிரலில் பிழை பார்ப்பது எப்படி என்று தொடக்கம். 11லிருந்து 14 வயதுக்குள் குறைந்தது இரண்டு நிரல்மொழிகள், இரும எண்கள், பூலியன் தர்க்கம். காகிதத்தில் அமர்க்களமான பாடத்திட்டம். (அகாடமி எனப்படும் தன்னாட்சிப் பள்ளிகளுக்கு இது கட்டாயமில்லை என்பது சின்ன எழுத்தில்.) 2016இல் பிபிசி தன் பங்குக்கு, 25 சிவப்பு விளக்கும் இரண்டு பொத்தானும் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் மைக்ரோபிட் பலகையை 11, 12 வயது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. மொத்தம் பத்து லட்சம் வரை கொடுக்கத் திட்டம். ஒன்றைச் சுற்றி முப்பது பேர் நின்ற காலம் போய் ஆளுக்கொன்று.

கற்பிக்க ஆள் எங்கே? நேற்றுவரை பவர்பாயின்ட் நடத்தியவர் இன்று பைத்தான் நடத்த வேண்டும். பலர் மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டே கற்பித்தார்கள். 2017 நவம்பரில் ராயல் சொசைட்டி மறுபடி கணக்கெடுத்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 54 சதவீதம் ஜிசிஎஸ்இ கணினி அறிவியலை நடத்தவே இல்லை. கணினி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர வேண்டியவர்களில் 68 சதவீதம்தான் சேர்ந்திருந்தார்கள். அந்த ஜிசிஎஸ்இ தேர்வை எழுதியவர்களில் மாணவிகள் 20 சதவீதம்.

அந்தக் கடைசி எண்ணில் ஒரு கசப்பு இருக்கிறது. எல்லோரும் கேலி செய்த ஐசிடி தேர்வில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள். சலிப்பான பாடம் என்று அதைத் தூக்கியெறிந்தபோது, அதில் வடிவமைப்பும் தகவல் கையாளுவதும் கற்ற அந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. நிரலெழுதும் பாடத்தைச் சேர்த்தது சரி. பக்கத்திலிருந்த மற்றொரு கதவை இழுத்துச் சாத்தியது தவறு. பள்ளிகள் பலவற்றில் புதுப் பாடம் கணக்கில் முதல் வரிசை மாணவர்களுக்கு மட்டும் என்று ஆனது. வாய்ப்பை விரிவாக்கக் கிளம்பிய சீர்திருத்தம் ஒரு தலைமுறை மாணவிகளுக்கு அதைச் சுருக்கியது.

அரசு 84 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. 8,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 2018இல் தேசியக் கம்ப்யூட்டிங் கல்வி மையம் வந்தது. 1981இல் செய்திருக்க வேண்டிய வேலைக்கு 37 ஆண்டு கழித்துப் பணம் வந்தது. அதை நடத்திய மூன்று அமைப்புகளில் ஒன்று ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை.

இதற்கிடையே பிபிசி மைக்ரோ வேறொரு நாட்டின் பள்ளிகளுக்கும் கப்பலேறியிருந்தது. 1984-85இல் இந்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. முதல் கட்டத்தில் ஏறக்குறைய 250 பள்ளிகள், அவற்றுக்குப் போனவை பிபிசி மைக்ரோ கணினிகள். மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் என்ற அரசு நிறுவனம் அதே கணினியை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. அந்தத் திட்டத்தில் யார் கற்பித்தார்கள், எந்த மொழியில் கற்பித்தார்கள், கணினிகள் கடைசியில் என்னவாயின என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)